ஆலிமின் முகத்தில் வியப்பு



மத்ரஸாவில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே நமக்குக் கற்பிக்கப்பட்ட சொற்களுள் ஒன்று ‘வகார்’. கண்ணியம், நிதானம் என்று தமிழில் கூறலாம். தொழுகைக்கு ஓடோடி வராமல் அமைதியோடும் கண்ணியத்தோடும் நடந்து வரும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் அல்லவா? அந்த ஹதீஸிலிருந்து தொடங்கி நம் ஆசிரியர்கள் அச்சொல்லை விரித்துக்கொண்டே போனார்கள். கடைத்தெருவில் நின்று உண்ணலாகாது, உரக்கச் சிரிக்கலாகாது, வாய் பிளந்து வேடிக்கை பார்க்கலாகாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாமும் அவற்றையே கற்பித்து வருகிறோம். முதல் இரண்டிலும் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

வேலை நிமித்தம் வெளியூர் செல்லும் ஆலிமைக் கவனித்திருப்பீர்கள். பயானுக்கு அழைக்கப்பட்டவர், பரீட்சை எடுக்க வந்தவர், நிதி கேட்டு வந்தவர் என யாராயினும், வாகனத்திலிருந்து இறங்கியவுடன் முகத்தை ஒரே நிலையில் வைத்துக்கொள்வார். எதைக் காட்டினாலும் ஒரு தலையசைப்பு. மிஞ்சினால் ஒரு ‘மாஷா அல்லாஹ்’. வியந்துவிட்டால் அறியாதவர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கம் உள்ளூர இருக்கும். இது ஆலிம்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. வளைகுடாவில் பணிபுரியும் நம் பிள்ளைகளும், கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் செல்லும் சகோதரர்களும் இதே முகத்தை அணிந்துதான் விமான நிலையங்களைக் கடக்கிறார்கள்.

சென்ற மே மாதம் நாமும் அப்படியொரு பணிக்காகக் கோவில்பட்டிப் பக்கம் சென்றிருந்தோம். கோடை விடுமுறையில் சிற்றூர்களில் தீனிய்யாத் வகுப்புகள் நடைபெறுவதும், நிறைவில் வெளியூர் உஸ்தாத் ஒருவர் வந்து பிள்ளைகளைச் சோதித்து மதிப்பெண் இடுவதும் வழக்கம். அவ்வாண்டு நம்மிடம் இன்னொரு பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எட்டயபுரத்திற்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரின் மக்தப் கட்டடத்தில் பெரிய விரிசல் விழுந்திருந்தது. மூன்று முறை பூசியும் நிற்கவில்லை. மீண்டும் பணம் கொடுக்கலாமா, அல்லது அவ்விடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று பார்த்து எழுதித் தர வேண்டும். பக்கத்து ஊர் நான்கு கிலோமீட்டர் தொலைவு, இடையில் நிழலே இல்லாத சாலை. மூடினால் ஆண் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள், பெண் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்கள் நாம். வயல் என்றால் நமக்கு நீர் நிற்கும் இடம். கயத்தாறைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல மண்ணின் நிறம் மாறுவதைப் பேருந்துச் சன்னல் வழியே பலமுறை கண்டிருக்கிறோம், இறங்கி நின்றதில்லை. காற்றாலைகள் சுழல்கின்றன, வேலிக்கருவை அடர்ந்து நிற்கிறது, அதன் பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரிய நிலம். ஆறு இல்லை, மானாவாரிதான். வானம் பார்த்துப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் விளைவிக்கிறார்கள்.

கோவில்பட்டியில் பேருந்து மாற வேண்டியிருந்தது. அவ்வூரின் கடலை மிட்டாய் 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதை அறிவீர்கள். ஒரு கடையின் பின்கட்டில் அதனைச் செய்துகொண்டிருந்தார்கள். வெல்லப்பாகில் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் பலகையில் பரப்பி, உருளையால் சமனாக்கி, கோடு கோடாக வெட்டுகிறார்கள். ஒரு நொடி முன்னே போனால் பாகு ஒட்டும், ஒரு நொடி பின்னே போனால் உடையும். அந்தக் கைக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது. பேருந்து ஒன்றைத் தவறவிட்டு நின்று பார்த்தோம். உடன் வந்திருந்த இளம் உஸ்தாத் சற்றுத் தள்ளி, நமக்கும் தமக்கும் தொடர்பில்லாதவர் போல நின்றுகொண்டார். வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “என்ன பாய், எடை போடட்டுமா?” என்றார். எடை போடச் சொன்னோம்.

எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடங்கியிருக்கும் இடத்தில் ஸலாம் கூறி துஆச் செய்துவிட்டுப் புறப்பட்டோம். பெருமானாரின் வரலாற்றை 5,027 பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடியவர் இந்த வறண்ட மண்ணின் அரசவைப் புலவர். அவர் தமது காப்பியத்தில் அரபு நாட்டுக்கு முகில்களையும் பெருகி ஓடும் ஆறுகளையும் நெல் வயல்களையும் வழங்கியிருப்பதைத் தமிழ்க் காப்பிய மரபு என்று இலக்கிய ஆசிரியர்கள் விளக்குவார்கள். மரபுதான். எனினும் கத்திரி வெயிலில் அவ்விடத்தில் நிற்கும்போது, மழை என்பது இவ்வூரார் நெஞ்சில் எவ்வளவு பெரிய பொருள் என்ற எண்ணமும் சேர்ந்தே வந்தது.

பரீட்சையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. முப்பத்தொரு பிள்ளைகள். பெரும்பாலோரின் தாய்மார்கள் தீப்பெட்டி ஆலைக்குச் செல்பவர்கள். கலிமாக்கள், சிறிய சூராக்கள், ஒளுவின் ஃபர்ளுகள். பெண் பிள்ளைகள் தெளிவாக ஓதினார்கள். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் வாயே திறக்கவில்லை. சூரத்துல் ஃபீலின் முதல் சொல்லை நாமே எடுத்துக் கொடுத்தோம், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “இவன் எப்பவுமே இப்படித்தான் அஸரத்து” என்றார் ஓதிக்கொடுக்கும் லெப்பை. அவன் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டோம்.

அஸருக்குப் பின் கட்டடத்தைப் பார்க்கச் சென்றோம். சுவரின் விரிசல் மேலிருந்து கீழ் வரை படிக்கட்டுப் போல இறங்கியிருந்தது, விரலை நுழைக்கலாம். அடித்தளத்தைப் பார்க்கப் பின்புறம் சென்றபோதுதான் நிலத்தைக் கண்டோம். பள்ளிவாசலின் பின்னால் அறுவடை முடிந்து கிடந்த பருத்திப் புஞ்சை முழுவதும் வெடித்திருந்தது. வெடிப்பு என்றால் நாம் வயலில் காணும் மெல்லிய கீறல் அன்று. உள்ளங்கை அகலத்தில், அறுகோணமும் ஐங்கோணமுமாக, யாரோ கருங்கல்லை வெட்டி இடைவெளி விட்டுப் பாவியது போல நிலம் பிளந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் அடி தெரியவில்லை.

அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டோம். ஜுப்பாவில் மண் படுவதைப் பற்றி எண்ணவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று நம்மையே பார்த்தார்கள். பரீட்சை எடுக்க வந்தவர் தரையில் உட்கார்ந்து குழியை எட்டிப் பார்ப்பதை அவர்கள் அதற்கு முன் கண்டிருக்கவில்லை. “இது எவ்வளவு ஆழம் போகும்?” என்று கேட்டோம். கேள்வித்தாளில் இருந்த எந்தக் கேள்வியையும் விட உண்மையான கேள்வி அது. அதன் விடை நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

கையை உள்ளே விடப் போனோம். ஒரு சிறிய கை நம் மணிக்கட்டைப் பிடித்தது.

“குச்சிய விட்டுப் பாத்துட்டுத்தான் கைய விடணும் அஸரத்து. தேள் கெடக்கும்.”

காலையில் வாய் திறக்காத அதே சிறுவன். ஓடிப்போய் நீண்ட பருத்திமார் ஒன்றைப் பிடுங்கி வந்து, வெடிப்புக்குள் விட்டுத் துழாவி, பிறகு தன் கையைத் தோள் வரை இறக்கிக் காட்டினான். உள்ளே ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதாகச் சொன்னான். நாமும் கையை விட்டோம். மேலே தகிக்கும் கத்திரி வெயில். முழங்கைக்குக் கீழே பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. ‘சுப்ஹானல்லாஹ்’ என்பது ஓதிப் பழகிய நாவின் வழக்கமாக வராமல் தானாகவே வந்தது. சற்று உரக்கவே வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. எந்த வெடிப்பில் யாருடைய கோலிக்குண்டு விழுந்தது, எந்தப் புஞ்சையில் கன்றுக்குட்டியின் கால் மாட்டியது, மேல்மண் வெடிப்பில் உதிர்ந்து உதிர்ந்து நிலம் தன்னைத்தானே உழுதுகொள்வதாகப் பாட்டனார் கூறுவது எல்லாவற்றையும் நால்வர் ஐவராக ஒரே நேரத்தில் சொன்னார்கள். இளம் உஸ்தாத் இதனைப் படம் பிடிக்கக் கைபேசியை எடுத்தார். பிள்ளைகள் உடனே சட்டையைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டோம். படத்துக்காகக் காட்டப்படும் வியப்பு வேறு வகை. அது எதிரில் இருப்பதை விட்டுப் பார்க்கப் போகிறவர்களை நோக்கித் திரும்பிவிடுகிறது.

அந்நேரம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை. பெரிய பெரிய துளிகள் விழுந்து புழுதி எழுந்தது. பிள்ளைகள் நாம் ஓடிவிடுவோம் என்று எதிர்பார்த்து நம் முகத்தைப் பார்த்தார்கள்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ள செய்தி ஒன்று உண்டு. தோழர்கள் நபி (ஸல்) அவர்களுடன் இருந்தபோது மழை பெய்தது. பெருமானார் தம் மேலாடையைச் சற்று விலக்கி மழை தம் மேனியில் படுமாறு நின்றார்கள். ஏன் இவ்வாறு செய்தீர்கள் என்று தோழர்கள் கேட்டதற்கு, இம்மழை தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்ற கருத்தில் மறுமொழி கூறினார்கள். இந்த ஹதீஸைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறோம். சட்டம் எடுப்போம்: மழையில் நனைவது விரும்பத்தக்கது என்று. தோழர்கள் ஏன் கேட்டார்கள் என்பதையும் சிந்திக்க வேண்டும். வழக்கத்திற்கு மாறாக ஏதோ ஒன்றைக் கண்டதால்தானே கேட்டார்கள்? உம்மத்தின் தலைவர், தம்மைப் பின்பற்றுவோர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மழைக்கு ஆடையை விலக்கி நிற்கிறார்கள். அவர்களின் வகாரில் அதனால் எள்ளளவும் குறையவில்லை. அவர்களின் முகம் எதையும் மறைக்காத முகம். கருமேகம் கண்டால் முன்னோர் சிலருக்கு இறங்கிய வேதனையை நினைத்து அவர்களின் முகம் மாறிவிடும், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள், மழை பொழிந்தால் அந்தக் கவலை நீங்கிவிடும் என்று ஆயிஷா (ரலி) அவர்களும் அறிவித்திருக்கிறார்கள்.

தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கைச்சட்டையை முழங்கை வரை ஏற்றி நின்றோம். பிள்ளைகளும் அவ்வாறே செய்தார்கள். ஏன் என்று ஒரு சிறுமி கேட்டாள், காரணத்தைச் சொன்னோம். முப்பத்தொரு பேரில் ஒருவரும் அந்த ஹதீஸை மறக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறோம்.

நீர் நிலத்தின் மேல் ஓடவே இல்லை. அத்தனையும் வெடிப்புகளுக்குள் இறங்கியது. உள்ளிருந்து காற்று குமிழ் குமிழாக வெளியேறும் ஓசையைக் குனிந்து கேட்டோம். தாகித்தவன் குடிக்கும் ஓசை அது. முதல் இடி இறங்கியதும் எல்லோரும் பள்ளிவாசல் திண்ணைக்கு ஓடினோம். ஓடினோம் என்பது பேச்சுக்குத்தான். கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாது. பத்து அடி வைப்பதற்குள் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு கிலோ மண் ஏறிக்கொண்டது. “கழட்டிக் கையில எடுங்க அஸரத்து” என்று கத்தினார்கள் பிள்ளைகள்.

திண்ணையில் அந்தச் சிறுவன் நம் அருகில் உட்கார்ந்து செருப்பு மண்ணைக் குச்சியால் வழித்துக்கொண்டே சொன்னான்: “இந்தச் செவுத்து விரிசலும் மழைக்கு மூடிக்கிடும். ஐப்பசி கார்த்திகைல பாத்தீங்கன்னா பேப்பர்கூட நொழையாது. மறுபடி வெயிலுக்குத் தெறந்துக்கிடும்.”

விரிசலில் காகிதம் செருகிப் பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்காம். அவனைப் பேசவிட்டுக் கேட்டோம். கரிசல் ஈரம் உண்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் ஆழமில்லாத அடித்தளம் இட்டு எழுப்பிய சுவர் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. கோடையில் விரிசல் திறந்திருக்கும்போது சிமெண்ட் வைத்து அடைத்தால், மழைக்காலத்தில் மூட இடமின்றிச் சுவர் வேறோரிடத்தில் பிளக்கும். மூன்று முறை பூசியும் நிற்காததன் காரணம் இதுவே. அறிக்கையில் ‘தரமற்ற கட்டுமானம், பயன்பாட்டுக்கு உகந்ததன்று’ என்று எழுதி முடிப்பது எளிது. நாம் எழுதியது வேறு: பூச்சுக்கு இனிப் பணம் தர வேண்டாம், கரிசலில் வீடு கட்டிப் பழகிய பொறியாளர் ஒருவரை அனுப்பி அடித்தளத்தைப் பார்க்கச் செய்யுங்கள், அதுவரை பள்ளிவாசல் திண்ணையில் வகுப்பு நடக்கட்டும், மூட வேண்டாம்.

திரும்பும் வழியில் நெஞ்சில் நின்றது அல்ஹஜ் அத்தியாயத்தின் 5 ஆம் வசனம். வறண்டு கிடக்கும் பூமி, நீர் இறங்கியதும் அசைந்து உப்பிப் பயிர்களை முளைப்பிப்பதை அல்லாஹ் அங்கே மறுமைக்குச் சான்றாகக் காட்டுகிறான். முளைகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுவதையே பெரும்பாலும் வகுப்பில் உதாரணம் கூறுவோம். கரிசல் குடியானவருக்கு உதாரணமே தேவையில்லை. விதை இல்லாத நிலமும் அங்கே அசைகிறது, உப்புகிறது, பள்ளிவாசல் சுவரையே நகர்த்துகிறது.

பேருந்து நிறுத்தம் வரை ஜமாஅத் தலைவர் உடன் வந்தார். எழுபதைக் கடந்தவர். தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தப்பா எடுத்துக்கிடாதீங்க அஸரத்து. பிள்ளைக முன்னால இப்படி மண்ணுல உக்காந்து, மழையில நின்னு... நாளைக்கு உஸ்தாதுன்னா ஒரு பயம் இருக்குமா?”

மதிப்பான கேள்வி. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கேலிக்கு இடம் தரும் ஆசிரியரிடம் பிள்ளைகள் ஓத மாட்டார்கள். இதை அனுபவத்தில் அறிவோம். ஆயினும் பிள்ளைகளோடு பிள்ளையாக விளையாட்டுக் காட்டுவது ஒன்று, இறைவனின் படைப்பின் முன் பெரியவரும் சிறியவராகி நிற்பது இன்னொன்று. நின்றும் இருந்தும் படுத்தும் இறைவனை நினைந்து, வானங்கள் பூமியின் படைப்பைச் சிந்திப்போரை ஆல இம்ரான் அத்தியாயம் ‘அறிவுடையோர்’ என்றே அழைக்கிறது. உஸ்தாதுக்கு எதுவுமே புதிதில்லை என்று பிள்ளை நம்பிவிட்டால், படிக்கப் படிக்க வியப்புக் குறையும், குறைவதுதான் அறிவு என்று அது முடிவு செய்துகொள்ளும். நமக்கு அஞ்ச வேண்டியதாகத் தோன்றுவது அதுவே.

அவரிடம் இப்னு பதூதாவைப் பற்றிச் சொன்னோம். 1304 இல் தான்ஜியரில் பிறந்தவர். மார்க்கச் சட்டம் பயின்றவர். டில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக அமர்ந்தவர். டில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்டது அவருடைய அலுவல் பயணம்தான். கள்ளிக்கோட்டையில் கப்பல்களை இழந்தார். இலங்கையில் ஆதம் மலை ஏறினார். நம் மஅபர்க் கரையில் வந்து இறங்கி மதுரை வரை சென்றார். பின்னர் தாயகம் திரும்பி, தம் பயணத்தை எழுத்தர் ஒருவருக்குச் சொல்லி 1355 இல் நூல் முடிந்தபோது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். அந்நூலில் தேங்காயைப் பற்றி அவர் கூறுவதைக் கேட்க வேண்டும். மனிதத் தலை போலிருக்கிறதாம், கண்களும் வாயும் இருக்கின்றனவாம், நார் தலைமுடியாம், இளசாக இருக்கையில் உள்ளே மூளை போன்ற ஒன்றும் உண்டாம். அரசவைகளில் தீர்ப்பு வழங்கிய ஒரு காழி, ஒரு தேங்காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார், பார்த்ததை மறைக்கவுமில்லை. அவர் அவ்வாறு நின்றிராவிட்டால் 14 ஆம் நூற்றாண்டின் பாதி உலகம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தலைவர் கேட்டுக்கொண்டே நடந்தார். நிறுத்தத்தில் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு ஏழு வயசு இருக்கும். அத்தா வாங்கிக் குடுத்த பம்பரம் ஒண்ணு அந்தப் புஞ்சை வெடிப்புக்குள்ள விழுந்துச்சு. ராத்திரி பூரா அழுதேன்” என்றார். அவர் முகத்தில் அப்போது நாம் கண்டதை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

அந்தச் சிறுவனின் மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறோம். மஃக்ரிபுக்கு முன் அவனைத் தனியே அழைத்து மீண்டும் ஓதச் சொன்னோம். சூரத்துல் ஃபீலைப் பாதிவரை ஓதினான். இரண்டு இடங்களில் உச்சரிப்புத் தவறு. அதற்குரிய மதிப்பெண்ணையே இட்டோம், கூட்டிப் போடவில்லை.

ஐப்பசியில் அவ்வூர் லெப்பையிடமிருந்து தொலைபேசி வந்தது. பொறியாளர் வந்து பார்த்துச் சென்றிருந்தார். விரிசல் மூடிவிட்டதாம், பையன் செருகி வைத்திருந்த காகிதத்தை வெளியே இழுக்க முடியவில்லையாம். வந்து பார்க்கச் சொல்லி நச்சரிக்கிறான் என்றார். தேர்வும் இல்லை, அறிக்கையும் இல்லை, போவதற்கு வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வரும் வியாழக்கிழமை போகிறோம், இன்ஷா அல்லாஹ்.